நாலரை வயசுப் பையனுக்குக் காசு சொல்லித் தருவது எப்படி?

கேள்வி:
தொட்டுத் தொட்டு இருபது வரை எண்ணுவான். ஆனா அஞ்சு ரூபாய் நாணயம் ஒண்ணும் ஒரு ரூபாய் மூணும் வெச்சா மூணைத்தான் எடுக்கிறான். ஃபோனைக் காட்டினா கடையில எதுவும் கிடைக்கும்னு நினைப்பு வேற. எங்கே தொடங்கணும்? மண் உண்டியல் வாங்கித் தரலாமா?

பதில் 1:
அவன் பார்க்கிறது எண்ணிக்கையை. மதிப்பு அதுக்கு அப்புறம்தான் வரும், அதனால கவலைப்படாதீங்க. நம்ம நாணயங்களும் லேசுப்பட்டதில்ல. 2011-ல வந்த நாணய வரிசையில ரெண்டு ரூபாய் 25 மி.மீ. அகலம், அஞ்சு ரூபாய் 23 மி.மீ. 2019 வரிசையில அப்படியே தலைகீழ்: ரெண்டு 23, அஞ்சு 25. ரெண்டு வரிசையும் கலந்து புழங்குது. அதனால "பெரிய காசு, சின்ன காசு"ன்னு சொல்லித் தராதீங்க, நிறத்தைக் காட்டுங்க. மஞ்சள்னா அஞ்சு. பழைய வெள்ளை அஞ்சு ரூபாயைப் பொறுக்கி எடுத்து ஒதுக்கிடுங்க.

முதல் ரெண்டு வாரம் ஒரு ரூபாய் நாணயம் பத்து மட்டும். வீட்டுப் பொருள்ல 1 முதல் 5 வரை விலைச்சீட்டு ஒட்டிக் கடை விளையாட்டு. ஒவ்வொரு காசா எண்ணி வைக்கணும். அப்புறம் அஞ்சு ரூபாய்: உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, விரலுக்கு ஒரு காசு வெச்சு, அஞ்சையும் வாங்கிட்டு மஞ்சள் காசு ஒண்ணு கொடுங்க. திருப்பியும் மாத்துங்க. ரெண்டு கைன்னா பத்து. ரெண்டு ரூபாய் கடைசியில வரட்டும். பிளாஸ்டிக் விளையாட்டுக் காசு வேண்டாம், கடையில அது செல்லாதுன்னு அதையும் தனியா விளக்கணும்.

பதில் 2:
மண் உண்டியல் இப்போ வேண்டாம். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது, உடைச்சாத்தான் வெளியே வரும். மூடி திருகுற, வெளியே தெரியுற பிளாஸ்டிக் டப்பா போதும். 30 ரூபாய் பந்துன்னா தினம் ரெண்டு ரூபாய், தாள்ல 15 கட்டம், நாளுக்கு ஒண்ணு அடிக்கட்டும். இந்த வயசுக்கு மூணு வாரத்துக்கு மேல இழுத்தா ஆசையே போயிடும்.

கடைக்குக் கூட்டம் இல்லாத நேரத்துல போங்க. சரியா 5 அல்லது 10 ரூபாய் பொருளா எடுங்க, மீதிக் கணக்கு இப்போ வேண்டாம். காசை அவனே நீட்டணும். இன்னொண்ணு கேட்டு அடம் பிடிச்சா, "காசு தீர்ந்துபோச்சு"ன்னு சொல்லிட்டு அடுத்த நிமிஷம் ஃபோனை எடுத்து ஸ்கேன் பண்ணாதீங்க. பாதிப் பேர் கோட்டை விடுறது இங்கேதான்.

ஃபோன்ல சின்னதா செலவு பண்ணின அன்னைக்கு, வீட்டுல உங்க சில்லறை டப்பாவுல இருந்து (அவன் டப்பாவைத் தொடாதீங்க) அதே தொகையை அவன் கையால எடுத்து வேற டப்பாவுல போடச் சொல்லுங்க: "இது கடைக்காரருக்குப் போயிடுச்சு."

கேள்வி கேட்டவர்:
நன்றி. ரெண்டு வயசுத் தங்கச்சியும் கூடவே உட்காருவா, பரவாயில்லையா?

பதில் 1:
அவ தூங்குற நேரமாப் பாருங்க. மூணு வயசு வரைக்கும் காசு வாய்க்குத்தான் போகும். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கி வைங்க. ஒண்ணு குறைஞ்சு, விழுங்கியிருப்பாளோன்னு சந்தேகம் வந்தா வாந்தி எடுக்க வைக்காம உடனே ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே பார்த்தாத்தான் எங்கே நிக்குதுன்னு தெரியும். காசுன்னு நினைச்சது பட்டன் பேட்டரியா (காசு மாதிரி வட்டமா இருக்கிற சின்ன பேட்டரி) இருந்துட்டா கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது.