ஆலங்கட்டி மழையில் அடிபட்ட காடி: கிளெய்ம் செய்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பெய்த ஆலங்கட்டி மழையில் அப்பாவின் மைவி காரின் கூரை குழி குழியாகிவிட்டது, முன்கண்ணாடியும் விரிசல். நல்லவேளை, ஸ்பெஷல் பெரில்ஸ் (புயல், வெள்ளம் போன்ற இயற்கைச் சேதத்துக்கான கூடுதல் காப்பு) எடுத்திருந்தோம். வெறும் கம்ப்ரிஹென்சிவ் (முழுக் காப்பு) பாலிசி புயல், வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. கண்ணாடிக்குத் தனிக் காப்பு இருக்கிறது, அதைக் கோரினால் என்சிடி (கிளெய்ம் போடாதவர்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) குறையாது.

சிக்கல் கூரைதான். அதற்குக் கிளெய்ம் போட்டால் 55 விழுக்காடு என்சிடி பூஜ்யமாகிவிடும். அப்பா இத்தனை வருஷம் கவனமாக ஓட்டிச் சேர்த்தது அது. பேனல் பட்டறையில் (காப்புறுதி நிறுவனம் அங்கீகரித்த பட்டறை) பட்டி பூசிப் பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார்கள். எனக்கு அதில் மனமில்லை. பெயிண்ட் உரியாத குழியை உள்ளிருந்து கம்பியால் தள்ளி நிமிர்த்தினால் பழைய பெயிண்ட் அப்படியே இருக்கும்.

ஈப்போ பக்கம் இதைச் சுத்தமாகச் செய்பவர் யாராவது இருக்கிறார்களா? இந்த முறைக்குக் காப்புறுதி நிறுவனம் ஒத்துக்கொண்டதா, இல்லை கைக்காசு போட்டீர்களா? அண்ணன்மார்களே, அக்காமார்களே, தெரிந்ததை எழுதுங்கள். சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டர் வருவதற்குள் முடிவெடுக்க வேண்டும்.