தேங்காய் எண்ணெய் தடவிய கிட்டார் நெக் பிசுபிசுக்கிறது. மீட்க வழி உண்டா?

தாழ்சுருதி (சென்னை):
வணக்கம். என்னிடம் மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸ் கிட்டார் ஒன்று உள்ளது. மேபிள் மரத்தாலான அதன் நெக்கின் (இடக்கை பிடிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி) பின்புறத்துக்குப் பாலியூரித்தேன் பூச்சு கிடையாது. துப்பாக்கிக் கட்டைக்குப் பூசும் எண்ணெயையும் மெழுகையும் தேய்த்தே தயாரிப்பாளர்கள் அதை முடித்திருக்கிறார்கள். ஆறு ஆண்டு வியர்வையில், முதல் ஐந்து ஃபிரெட்டுகளுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) பின்னால் சாம்பல் நிற அழுக்கு படிந்துவிட்டது. காய்ந்த மரத்துக்கு எந்த எண்ணெயும் நல்லதுதானே என்று எண்ணி, வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயை இரண்டு முறை தடவினேன். மூன்று வாரமாகியும் அது காயவில்லை. கட்டைவிரல் வழுக்காமல் ஒட்டுகிறது, சிக்கு வாடையும் வருகிறது. உப்புத்தாள் கொண்டு அனைத்தையும் தேய்த்து எடுத்துவிடலாமா?

மரத்தூள்:
உப்புத்தாளை இப்போதே எடுக்காதீர்கள். எண்ணெய் ஊறிய மரத்தில் தாள் உடனே அடைத்துக்கொள்ளும். மேலும் அழுத்தித் தேய்த்தால் உங்கள் கை பழகிய நெக்கின் வடிவமே மாறிவிடும்.

தேங்காய் எண்ணெய் மூன்று வாரமல்ல, மூன்று ஆண்டானாலும் காயாது. ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கெட்டியான படலமாக மாறுபவை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு பெரும்பாலும் நிறைவுற்ற வகை என்பதால் அந்தப் பிணைப்பு அதில் நிகழ்வதில்லை. நல்லெண்ணெயும் இந்த வேலைக்கு உதவாது. நம் வீடுகளில் எண்ணெய் என்றாலே தலைக்கும் தாளிப்புக்கும் உரியவைதான் நினைவுக்கு வருவதால், இந்தத் தவறு எளிதில் நேர்கிறது.

கம்பிகளைக் கழற்றிவிட்டு, பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனைப் பருத்தித் துணியில் நனைத்துத் துடையுங்கள். துணி அழுக்காக வருவது நிற்கும்வரை, புதுத் துணி மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டைக் கரைக்கும் திரவம்) வேண்டாம், கிட்டார் உடலின் பூச்சையும் பிளாஸ்டிக் பாகங்களையும் அது கெடுத்துவிடக்கூடும். சன்னலைத் திறந்து வையுங்கள். அருகில் அடுப்போ ஊதுபத்தியோ இருக்கக் கூடாது. ஒரு நாள் ஆறவிட்டு, வெளியே தெரியாத ஓரிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். அது முத்தாக நிற்காமல் மெல்ல ஊறி மரத்தின் நிறத்தைக் கருமையாக்கினால், எண்ணெய் ஏற்க மரம் ஆயத்தமாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

தாழ்சுருதி:
நன்றி ஐயா. துடைத்தபின் பிசுபிசுப்பு போய்விட்டது; சாம்பல் கறை மட்டும் பாதி நிற்கிறது. 0000 எண் ஸ்டீல் உல் (மிக மெல்லிய இரும்பு இழைப் பஞ்சு) வாங்கியிருக்கிறேன். கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) இருக்கிறது என்கிறார்கள், அது போதுமா? நெக்கின் முன்புறமுள்ள ரோஸ்வுட் ஃபிரெட் பலகைக்கும் அதையே பூசலாமா?

கம்பிக்காரர்:
தம்பி, ஸ்டீல் உல்லைத் தொடும் முன், கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்பை மாஸ்க்கிங் டேப்பால் முழுமையாக மூடுங்கள். உதிரும் இரும்புத் தூள் அதன் காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. நான் நெக்கையே கழற்றி, வேறு அறையில் வைத்துத்தான் தேய்ப்பேன். மரத்தின் இழையோட்டத்தின் திசையிலேயே தேய்க்க வேண்டும். தலைப்பகுதியிலுள்ள முத்திரையின் மேல் கை வைக்காதீர்கள். கறை முழுவதும் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். மரத்துக்குள் இறங்கிய நிறத்தைத் துரத்தினால் மரம்தான் குறையும்.

எண்ணெயைப் பொறுத்தவரை, கடைக்காரர் சொன்னது சரியே. உலர்த்திகள் சேர்த்த பாயில்டு வகைதான் தேவை. சமையலுக்கு விற்கும் ஆளிவிதை எண்ணெய் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். துப்பாக்கிக் கட்டைக்குப் பூசும் ட்ரூ ஆயில் கிடைத்தால் இன்னும் வேகமாகக் காயும். எதுவானாலும் சில சொட்டுகளைத் துணியில் எடுத்துப் பூசி, ஐந்து நிமிடத்தில் மேலே நிற்பதை முழுவதும் துடைத்துவிடுங்கள். இந்தத் துடைப்பில் சோம்பினால் பழைய பிசுபிசுப்பு வேறு பெயரில் திரும்பி வரும். ஒரு நாள் இடைவெளி விட்டு அடுத்த பூச்சு. மழைக்காலத்தில் இரண்டு நாள். மூன்று பூச்சுக்கு மேல் வேண்டியதில்லை.

ரோஸ்வுட்டுக்கு இதைப் பூசாதீர்கள், படலம் கட்டிவிடும். அதற்கு மினரல் ஆயில் சில சொட்டு விட்டு உடனே துடைத்தால் போதும்.

மரத்தூள்:
ஒன்றை அவர் சொல்ல மறந்துவிட்டார். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். காயும்போது வெப்பம் வெளியாகிறது. சுருண்ட துணியில் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமிழ்த்தி வையுங்கள்.

கடைசிப் பூச்சு நன்றாகக் காய்ந்தபின் தேன்மெழுகு கலந்த மர மெழுகை மெல்லத் தடவி, கால் மணி நேரம் கழித்துப் பழைய வேட்டித் துணியால் பளபளப்பாகத் தேய்க்கலாம். சிலிக்கோன் கலந்த கார் பாலிஷ் கூடாது. பின்னொரு நாள் மறுபூச்சு தேவைப்பட்டால் அது ஒட்டாது.

தாழ்சுருதி:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்று பூச்சு, ஒரு மெழுகு. மூன்றாவது ஃபிரெட்டின் பின்னால் ஒரு நிழல்போல் கறை நிற்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டேன். கை ஒட்டவில்லை, வாடையும் இல்லை. கம்பிகளை மாட்டியபின் நெக் சற்றே முன்வளைந்திருந்ததால், நெக்கினுள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்று இறுக்க வேண்டியிருந்தது.