"கோடு 3 போட்டுட்டா சாவி ஆன்ல இருந்தாலும் ஐடிலிங் விழாது": இதை யாரும் நம்பாதீங்க

24வோல்ட்:
புது லாரி டிரைவருங்களுக்கு யோசனைன்னு நேத்து ஆபீஸ்ல டிரிப் ஷீட் பார்க்கிற ஷீட்டுக்காரர் ஒரு பதிவு போட்டிருக்கார். அதுல ஒரு வரி: "லோடிங் பாயிண்ட் வந்ததும் ஆப்ல கோடு 3 போட்டுடுங்க. அப்புறம் சாவி ஆன்ல இருந்தாலும் ஐடிலிங் விழாது." ஐடிலிங்னா வண்டி நிக்கும்போது இன்ஜின் சும்மா ஓடுற நேரம், அது ரிப்போர்ட்ல விழுந்தா பேட்டாவுல வெட்டு. எந்த ஊர்ல விழாது? கோடு (code) 3ங்கிறது 'லோடுக்குக் காத்திருக்கேன்'னு நீங்க போன்ல தட்டுற நம்பர். ஜிபிஎஸ் பாக்ஸ் டேஷ்போர்டுக்குப் பின்னாடி கிடக்கு. அதுக்குத் தெரிஞ்சது மூணு ஒயர்தான்: பேட்டரி பிளஸ், எர்த், சாவி லைன். சாவி லைன்ல 24 வோல்ட் வந்தா இக்னிஷன் ஆன். ஸ்பீடு பூஜ்யம். ரெண்டையும் சேர்த்துப் பார்த்து சர்வர் ஐடிலிங்னு எழுதிடும். இன்ஜின் ஓடுதா இல்லையான்னு அது கேக்கவே கேக்காது. மாம்பழ சீசன்ல கிருஷ்ணகிரி பக்கம் கூழ் பேக்டரி கேட்ல ஃபேனுக்காக சாவியைத் திருப்பி வச்சுட்டுத் தூங்குற பையனுக்கு, விடிஞ்சதும் ராத்திரி முழுக்க ஐடிலிங்னு ரிப்போர்ட் வரும். ஒரு சொட்டு டீசல் எரிஞ்சிருக்காது, பேட்டாவுல மட்டும் கை வைப்பாங்க.

ஷீட்டுக்காரர்:
24வோல்ட் சார், பதிவை முழுசா படிச்சீங்களா, ஒயர் கண்ணுல பட்டதும் நின்னுட்டீங்களா? நான் எழுதினது பேட்டா கணக்கு. ரிப்போர்ட் எடுக்கும்போது பாக்ஸ் சொல்ற இடமும் ஆப்ல போட்ட கோடும் பக்கத்துல பக்கத்துல வரும். வண்டி ஜியோஃபென்ஸ், அதாவது மேப்ல பேக்டரியைச் சுத்திப் போட்ட வட்டத்துக்குள்ள இருக்கு, கோடு 3ம் இருக்குன்னா அந்த நேரத்தை ஐடிலிங்ல இருந்து கழிச்சுடுவோம். புதுசா வந்தவங்களுக்காக எங்க ஷீட்டோட பட்டியல் மறுபடி: 1 ஓட்டம், 2 ஓய்வு, 3 லோடுக்குக் காத்திருப்பு, 4 லோடிங், 5 அன்லோடிங், 6 ரிப்பேர், 7 டோல், செக்போஸ்ட் நெரிசல். நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், முறை ஒண்ணுதான். தப்பு நடக்கிற இடம் 3க்கும் 4க்கும் நடுவுல. டோக்கன் வாங்கினதுல இருந்து பிளாட்பாரத்துல பின்பக்கம் ஒட்டுற வரைக்கும் 3. ஒட்டினதும் 4. மாத்தாம விட்டா லோடு ஏறின நேரமும் காத்திருப்பா விழுந்து, பார்ட்டிகிட்ட காத்திருந்ததுக்கான ஹால்டிங் சார்ஜ் கேக்கும்போது பில் திரும்பி வந்துடும்.

24வோல்ட்:
ஆக ஐடிலிங் விழும், அப்புறம் நீங்க ஆபீஸ்ல உட்கார்ந்து கழிப்பீங்க. "விழாது"ன்னு எழுதினது யாரு? அதுவும் வட்டத்துக்குள்ள இருந்தாத்தானே? பேக்டரி கேட்டை நடுவுல வச்சு 200 மீட்டர் வட்டம் போட்டிருப்பீங்க. சீசன்ல டிராக்டர், பிக்கப், லாரின்னு வரிசை ரோட்டுலயே நீண்டு கிடக்கும். வட்டத்துக்கு வெளிய நிக்கிறவன் கோடு 3 போட்டா உங்க சிஸ்டம் ஒத்துக்குமா?

ஷீட்டுக்காரர்:
வட்டத்தைப் பெருசாக்கச் சொன்னா ஒரு நிமிஷ வேலை. சொல்லணும்ல?

புது_டாரஸ்:
அண்ணா ஒரு சந்தேகம். கோடு 3ன்னா வோல்டேஜ் அதிகம்னு ஒருத்தர் சொன்னார். டேஷ்ல வருதே, அதுவா இது?

பழைய_கேபின்:
அது வேற கதை தம்பி. டேஷ்ல ரெண்டு நம்பர் வரும். முதல் நம்பர் எந்த பாகம்னு சொல்லும், ரெண்டாவது அதுக்கு என்ன வந்துச்சுன்னு சொல்லும். 100 இன்ஜின் ஆயில் பிரஷர். 110 கூலன்ட் சூடு. 97 டீசல்ல தண்ணி. 168 பேட்டரி வோல்டேஜ். 1761 ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் பண்ற யூரியா தண்ணி) டேங்க் அளவு. ரெண்டாவது இடத்துல 3ன்னா சிக்னல் வோல்டேஜ் ஏறிக் கிடக்கு, 4ன்னா இறங்கிக் கிடக்கு, 5ன்னா ஒயர் அறுந்தோ கப்ளர் கழண்டோ இருக்கு. 100, 1ன்னு வந்தா நிஜமாவே பிரஷர் இல்ல. ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணு, ஆபீஸுக்கு அப்புறம் போன் போடலாம். 100, 4ன்னு வந்தா பெரும்பாலும் சென்சார் ஒயரிங். அதுக்காக டிப்ஸ்டிக் பார்க்காம கிளம்பிடாத. போட்டோ எடுக்கிறவங்க முதல் நம்பரை மட்டும் எடுத்து அனுப்புறாங்க, ரெண்டாவதுதான் முக்கியம். இதைச் சொல்லித்தர ஆளில்ல, சாவிக்கு ஒரு நாள் பூரா சண்டை.

24வோல்ட்:
பெரியவர் சொல்றது சரி. ஆனா சாவிக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு. ராத்திரி பூரா சாவி ஆன்ல இருந்தா ஃபேன் மட்டுமா ஓடும்? இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்), கிளஸ்டர் (மீட்டர் போர்டு), சென்சார்னு எல்லாம் விழிச்சுக்கிட்டு இருக்கும். பேட்டரி இறங்கும். காலைல செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் இன்னும் சரிஞ்சு, டேஷ்ல 168ல ஆரம்பிச்சு சம்பந்தமில்லாத நாலஞ்சு கோடு வரிசையா வந்து நிக்கும். பையன் பயந்து சர்வீஸுக்குப் போன் போடுவான். அதனால மறுபடியும் சொல்றேன். சாவி ஆன்னா ஐடிலிங் விழும்.

தொப்பூர்_இறக்கம்:
24வோல்ட் அண்ணன் இன்னும் பிஎஸ்4 புகை விதி காலத்துலயே நிக்கிறார். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டில கம்பெனியே டெலிமேட்டிக்ஸ் (டிராக்கிங் பாக்ஸ்) கொடுத்திருந்தா, அது வண்டியோட கம்ப்யூட்டருங்க பேசிக்கிற கேன் லைன்ல இருந்து ஆர்பிஎம், அதாவது இன்ஜின் சுத்துற வேகத்தை எடுக்குது. டேஷ் கோடு மாதிரி அதுக்கு நம்பரே இருக்கு, 190. ஆர்பிஎம் பூஜ்யம்னா இன்ஜின் ஓடல. இன்ஜின் ஓடலன்னா ஐடிலிங் எங்க இருந்து வரும்? சாவி ஆன்ல இருந்தா ஐடிலிங்னு புதுப்பசங்களைப் பயமுறுத்தாதீங்க.

24வோல்ட்:
தம்பி, அந்த வண்டில எத்தனை பாக்ஸ் இருக்குன்னு முதல்ல எண்ணு. கம்பெனி கொடுத்தது ஒண்ணு. ஓனர் வெளிய மாட்டினது இன்னொண்ணு. பேட்டா வெட்டுற போர்ட்டல் எதுல ஓடுது? ரெண்டாவதுல. அதுக்கு மூணு ஒயர். அந்த மூணாவது ஒயரை மாட்டினவன் எங்க குத்தியிருக்கான்கிறதுதான் சங்கதி. ஏசிசில (பாட்டு, சார்ஜருக்கான லைன்) குத்தியிருந்தா சாவி முதல் கிளிக் வந்ததும் இக்னிஷன் ஆன். ஐஜில (இக்னிஷன் லைன்) குத்தியிருந்தா ரெண்டாவது கிளிக் வரணும், அப்போ முதல் கிளிக்ல வச்சுக்கிட்டு பாட்டு கேக்கலாம், சார்ஜ் போடலாம், ஒண்ணும் விழாது. ஒயரே குத்தாம வோல்டேஜ் பார்த்துக் கண்டுபிடிக்கிற பாக்ஸும் உண்டு. நின்ன வண்டில பேட்டரி 25 வோல்ட் சுமார், ஆல்டர்னேட்டர் சுத்தினா 27.5, 28ன்னு ஏறும். அதைப் பார்த்து இன்ஜின் ஓடுதுன்னு முடிவு பண்ணும். இத்தனை வகை இருக்கும்போது "விழாது"ன்னு ஒரே வரில எழுதினா யார் நம்புறது?

தொப்பூர்_இறக்கம்:
நீங்க மட்டும் "விழும்"னு ஒரே வரில எழுதலாமா?

24வோல்ட்:
எழுதலாம். விழும்னு நினைச்சு சாவியை எடுத்தா நஷ்டம் இல்ல. விழாதுன்னு நினைச்சு விட்டா பேட்டா போகும்.

ராயக்கோட்டை_ரோடு:
இவ்ளோ எதுக்குங்க? பேட்டரி கட் ஆஃப் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுப் படுங்க. பாக்ஸும் தூங்கும், நீங்களும் தூங்கலாம்.

24வோல்ட்:
ஐயோ, அதை மட்டும் செய்யாதீங்க. பாக்ஸ் தூங்காது. ஏ.ஐ.எஸ் 140ங்கிற அரசு தரத்துல வர்ற பாக்ஸுக்குள்ளயே சின்ன பேட்டரி இருக்கு, 4 மணி நேரம் தாங்கணும்னு விதி. மெயின் லைன் போன நொடியே "பவர் துண்டிப்பு"ன்னு ஆபீஸுக்கு எச்சரிக்கை போகும். ஐடிலிங்குக்குத் திட்டு வாங்குறதுக்குப் பதிலா ஒயரைப் புடுங்கினான்னு திட்டு வாங்கணும். அதைவிட முக்கியம் ஆட்ப்ளூ. சாவியை ஆஃப் பண்ணினதும் பம்ப் கொஞ்ச நேரம் ஓடி, லைன்ல இருக்கிறதை டேங்குக்கே திருப்பி இழுக்கும். அந்த ஓசை நிக்கிறதுக்குள்ள கட் ஆஃப் போட்டா உள்ள நின்ன ஆட்ப்ளூ காய்ஞ்சு உப்பா உறையும். அதுல 32.5 சதவீதம் யூரியா. இன்ஜெக்டர் வாய் அடைச்சா டேஷ்ல விளக்கு, அதையும் கண்டுக்காம ஓட்டினா இழுவை குறைஞ்சு வண்டி ஏத்தத்துல திணறும்.

ராயக்கோட்டை_ரோடு:
ஓசை நின்னப்புறம் போட்டா?

24வோல்ட்:
ஓசை நின்னு, மேனுவல்ல போட்டிருக்கிற நேரமும் முடிஞ்சப்புறம் போடலாம். ஆனா பவர் துண்டிப்பு எச்சரிக்கை அப்பவும் போகும், பாக்ஸ் கட் ஆஃப்புக்கு முன்னாடியே நேரா பேட்டரில மாட்டியிருந்தா தவிர.

ஷீட்டுக்காரர்:
அதுக்கும் கோடு இருக்கு. 6 போட்டுட்டு கட் ஆஃப் பண்ணுங்க, ரிப்பேர்னு வந்துடும்.

24வோல்ட்:
ரிப்பேர் நடக்காத வண்டிக்கு ரிப்பேர் கோடா? இப்படித்தான் புதுப்பசங்களுக்குப் பொய் ஷீட் எழுதப் பழக்குறீங்க. போன மாசம் ஈவே பில் (சரக்குக்கான ஜிஎஸ்டி சீட்டு) எத்தனை நாள் செல்லும்ங்கிற பேச்சுலயும் இதே ஆள்தான், 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள்னு கடைசி வரைக்கும் அடம். 2021 ஜனவரிலயே 200 ஆயிடுச்சு.

ஷீட்டுக்காரர்:
ஈவே பில் இங்க எதுக்கு? பதில் இல்லாதப்போ பழைய கணக்கைத் தோண்டுறது உங்க வழக்கம். நீங்க சொல்லுங்க, உங்க மூணு ஒயர் பாக்ஸுக்கு டிரைவர் சாப்பிட இறங்கினானா, லோடுக்கு நின்னானான்னு தெரியுமா? தெரியாது. அதுக்குத்தான் கோடு. 1961ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்துலயே நாளைக்கு 8 மணி, வாரம் 48, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல போகாம அரை மணி ஓய்வுன்னு இருந்துச்சு. நெடுந்தூர வண்டிக்கு அதுல கொஞ்சம் தளர்வு. ஓய்வு எடுத்ததை நிரூபிக்க ஷீட்ல 2 இருக்கணும். ஒயர் வந்து சாட்சி சொல்லாது.

பழைய_கேபின்:
சட்டம் பேசுறீங்க. எட்டு மணி நேரத்துல ஓசூர்ல இருந்து எவனை இறக்கி விட்டிருக்கீங்க?

தொப்பூர்_இறக்கம்:
ஷீட்டுக்காரர் சார் டைமைப் பத்திப் பேசவே கூடாது. பாக்ஸ் அனுப்புற நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்). நம்ம நேரத்துக்கு 5.30 மணி கூட்டணும். கூட்டாம எடுத்த ரிப்போர்ட்ல, பாளையம் டோலை விடியக்காலம் 4 மணிக்குத் தாண்டின வண்டி முந்தின நாள் ராத்திரி 10.30ன்னு விழும். தேதியே மாறி ஷீட்டோட ஒத்துப்போகாது. புதுசா வந்தவங்க ஃபாஸ்டேக் எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீங்க. அதுல நம்ம நேரம் இருக்கும், எந்த ரிப்போர்ட்டுக்கும் எதிரா அதைக் காட்டலாம்.

ஷீட்டுக்காரர்:
எங்க போர்ட்டல்ல நேரம் சரியாத்தான் இருக்கு.

தொப்பூர்_இறக்கம்:
எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.

ராயக்கோட்டை_ரோடு:
தொப்பூர் தம்பி, பேர்லயே இறக்கம் வச்சிருக்கீங்க, ஒண்ணு கேக்கறேன். தொப்பூர் கணவாய்ல நியூட்ரல் போட்டா ஆப்ல சிவப்பு எச்சரிக்கை வருதாமே? டீசல் மிச்சம் பண்றதுக்கும் திட்டா?

தொப்பூர்_இறக்கம்:
மிச்சமே ஆகாது. கியர்ல வச்சு காலை எடுத்தா இசியூ டீசலை முழுசா நிறுத்திடும், வண்டியோட உந்துதல்லயே இன்ஜின் சுத்தும். நியூட்ரல்ல போட்டா இன்ஜின் 600, 700 ஆர்பிஎம்ல தனியா ஓடியாகணும், அதுக்கு டீசல் வேணும். அதோட புகையை அடைச்சு இன்ஜினை வச்சே வேகம் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கும் போச்சு. முழு லோடையும் பிரேக் டிரம்மே பிடிக்கணும், சூடேறி லைனிங் பிடிமானம் போயிடும். ஏறுற கியர் எதுவோ அதுக்குச் சமமாவோ, ஒண்ணு குறைச்சோ இறங்கணும். கியரை உச்சிலயே போட்டுடணும், பாதி இறக்கத்துல மாத்தப் பார்த்தா விழாது.

ராயக்கோட்டை_ரோடு:
பழைய வண்டில மிச்சமாச்சே.

பழைய_கேபின்:
பழைய பம்ப்லயும் கவர்னர் இருந்துச்சு. அதுலயும் காலை எடுத்தா டீசல் நின்னுச்சு. மிச்சம்னு சொல்லி இறங்கினவங்க வண்டியைக் கணவாய்க்குக் கீழ போய்ப் பாருங்க.

24வோல்ட்:
கணவாய்க்கு வேற பதிவு போடுங்க. இங்க கேள்வி சாவி. இதுவரைக்கும் யாரும் பதில் சொல்லல. சாவி ஆன், இன்ஜின் ஆஃப், கோடு 3, வட்டத்துக்குள்ள. பாக்ஸ் என்ன எழுதும்?

ஷீட்டுக்காரர்:
என்ன எழுதினாலும் கழிச்சுடுவோம்.

24வோல்ட்:
பாக்ஸ் என்ன எழுதும்னுதான் கேட்டேன்.

தொப்பூர்_இறக்கம்:
கேன்ல இருந்து எடுக்கிற பாக்ஸா இருந்தா ஒண்ணும் எழுதாது. நாலாவது தடவை சொல்றேன்.

புது_டாரஸ்:
அண்ணா, நான் ஓட்டப்போற வண்டில எது இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

24வோல்ட்:
கேக்க வேண்டியதை ஒருத்தராவது கேட்டீங்க. வண்டி நிக்கும்போது, இன்ஜின் ஆஃப்ல, சாவி முதல் கிளிக்ல 15 நிமிஷம். எடுத்துட்டு 15 நிமிஷம் சும்மா. அப்புறம் ரெண்டாவது கிளிக்ல 15 நிமிஷம், ஸ்டார்ட் பண்ணாம. கடைசியா இன்ஜினை ஓட விட்டு 15 நிமிஷம். ஒவ்வொண்ணுக்கும் ஆரம்பம், முடிவு எழுதி வை. ஆபீஸ்ல அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ரிப்போர்ட் கேளு. முதல் கிளிக்லயே ஐடிலிங் இருந்தா ஏசிசி. ரெண்டாவதுல ஆரம்பிச்சா ஐஜி. இன்ஜின் ஓடினப்போ மட்டும் இருந்தா ஆர்பிஎம் இல்லன்னா வோல்டேஜ். 5 நிமிஷத்துல முடிச்சுடாத. பல போர்ட்டல்ல 3, 5 நிமிஷம் தாண்டினாத்தான் கணக்குல ஏறும். கூரைக்கு அடியில செய்யாத, ஜிபிஎஸ் அலைஞ்சு நின்ன வண்டிக்கு 3, 4 கிலோமீட்டர் ஸ்பீடு காட்டும், ஐடிலிங் துண்டு துண்டா உடையும்.

ஷீட்டுக்காரர்:
15 நிமிஷமும் கோடு போட்டு செய்யுங்க தம்பி. கோடில்லாத நேரம் ஷீட்ல ஓட்டை.

24வோல்ட்:
கோடு போடாம செய்யணும். போட்டா இவர் கழிச்சுடுவார், சோதனையே வீண்.

ராயக்கோட்டை_ரோடு:
2025 அக்டோபர் 1க்கு அப்புறம் தயாரான லாரிக்கெல்லாம் கேபின் ஏசி கட்டாயம். ஏசிக்கு இன்ஜின் ஓடியாகணும். அப்போ உங்க ஒயர், கோடு ரெண்டும் என்ன ஆகும்?

ஷீட்டுக்காரர்:
மணிக்கு ரெண்டு லிட்டர் போகும், யார் கொடுப்பா?

பழைய_கேபின்:
டிரைவர் தூங்காம ஓட்டினா என்ன போகும்னு அதையும் ஷீட்ல போடுங்க. அப்புறம், ஓடி வந்து நின்னதும் டர்போ ஆற மூணு நிமிஷம் ஓட விடணும். அந்த மூணு நிமிஷத்தையும் வெட்டுறாங்க.

தொப்பூர்_இறக்கம்:
பெரியவரே, மூணு தேவையில்ல. டோல் தாண்டி மெதுவா வந்து நின்ன வண்டிக்கு ஒரு நிமிஷம் போதும்.

பழைய_கேபின்:
மூணு.

24வோல்ட்:
டர்போவை விடுங்க. சாவிக்கு வாங்க.