ப்ராக்ஸிக்குள் ஒளிந்திருக்கும் சப்கிளாஸை எப்படிக் கண்டுபிடிப்பது?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஜாவா தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜாவா 21, டேட்டாபேஸில் இருப்பதை ஜாவா ஆப்ஜெக்டாக எடுத்துத்தரும் ஹைபர்நேட் 6. அல்வா எடைக் கணக்கு, பத்தமடைப் பாய் உருப்படிக் கணக்கு. அதனால் 'சரக்கு' என்று ஒரு தாய் கிளாஸ். அதை எக்ஸ்டெண்ட் செய்து 'எடைச்சரக்கு', 'உருப்படிச்சரக்கு'.

விலை போடுவதில் சிக்கல் இல்லை, ஓவர்ரைடு செய்த மெத்தடே பார்த்துக்கொள்கிறது. பில் அச்சடிக்கும் இடத்தில்தான் எது எந்த வகை என்று கேட்க வேண்டியிருக்கிறது. (அச்சு வேலையைச் சரக்கு கிளாஸுக்குள் திணிக்க எனக்கு மனசில்லை.) நேரடியாக உருவாக்கிய ஆப்ஜெக்ட் என்றால் இன்ஸ்டன்ஸ்ஆஃப் (இது இந்த கிளாஸைச் சேர்ந்ததா என்று கேட்கும் சோதனை) சரியாகச் சொல்கிறது. ஆனால் பில்வரியிலிருந்து சரக்கை ஹைபர்நேட் லேசியாக (தேவைப்படும்போது மட்டும்) எடுத்துவரும்போது கையில் கிடைப்பது ஒரு ப்ராக்ஸி, அதாவது அசல் ஆப்ஜெக்டுக்குப் பதிலாக நிற்கும் பினாமி. அது 'சரக்கு' கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்தது, 'எடைச்சரக்கை' அல்ல. அதனால் உள்ளே அல்வாவே இருந்தாலும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் 'ஃபால்ஸ்' என்கிறது. கெட்கிளாஸ் கேட்டாலோ ப்ராக்ஸியின் நீளமான பெயர்தான் வருகிறது. வகை பார்த்துப் பிரிக்கும் ஸ்விட்ச் பேட்டர்ன் மேட்சிங்குக்கும் இதே கதி.

ஹைபர்நேட்டின் அன்ப்ராக்ஸி மெத்தடைக் கூப்பிட்டால் அசல் கிளாஸ் வந்துவிடுகிறது. சரி, ஆனால் தொட்ட இடமெல்லாம் அதைப் போடுவது அசிங்கமாக இருக்கிறது. விசிட்டர் பேட்டர்ன் (ஒவ்வொரு வகையும் தனக்கான மெத்தடைத் தானே கூப்பிடும் அமைப்பு) என்றால், ப்ராக்ஸி அழைப்பை உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டுக்கே அனுப்பிவிடும், வகை தானாகத் தெரியும். இந்தச் சின்னக் கடைக்கு அவ்வளவு கட்டுமானம் தேவையா? இல்லை, டேபிளில் வகையைக் குறித்துவைக்கும் டிஸ்க்ரிமினேட்டர் பத்தியையே படிக்கிற மாதிரி ஒரு கெட்டர் வைத்துவிடலாமா?

ஈகர் ஆக்கு (எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்துவிடு) என்று மட்டும் சொல்லாதீர்கள். பழைய பில் பட்டியலைத் திறந்தால் கடைக் கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறது.