விண்டோஸ் எக்ஸ்பி கணினியிலிருந்து கோப்புகளை எடுக்க முடியவில்லை, அவசரம்

பகோ_வாத்தியார்:
வணக்கம். பர்மாவில் எங்கள் கோயில் தமிழ்ப் பள்ளியின் பாடக் கோப்புகள் எல்லாம் பழைய எக்ஸ்பி கணினியில் இருக்கின்றன. புது மடிக்கணினியிலிருந்து அதைத் திறந்தால் பகிர்வுப் பட்டியலைப் பெற இயலவில்லை என்கிறது. கோடை வகுப்பு தொடங்கப் போகிறது, அச்சகத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யாராவது உடனே சொல்லுங்கள்.

மோல்மீன்_கரை:
மடிக்கணினியில் என்ன இயங்குதளம் ஐயா? கம்பியா, வைஃபையா? பிங் செய்தால், அதாவது இணைப்பைச் சோதிக்கும் கட்டளையை அனுப்பினால், பதில் வருகிறதா?

கம்பிக்காரர்:
இரண்டு கணினிகளையும் நேரடியாக இணைத்திருந்தால் கிராஸ்ஓவர் கம்பி (உள் இழைகள் மாற்றிக் கோத்தது) வேண்டும். பழைய நெட்வொர்க் கார்டுகளில் பல, சாதாரணக் கம்பியைத் தாமாகச் சரிசெய்துகொள்ளாது. முதலில் கம்பியைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

தட்டோன்_தம்பி:
பென்டிரைவில் எடுத்துவிடலாமே? 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை மட்டும்தான் பென்டிரைவின் எஃப்ஏடி32 கோப்பு அமைப்பு ஏற்காது. பாடக் கோப்பு அவ்வளவு பெரிதாக இருக்காது.

பகோ_வாத்தியார்:
அந்தக் கணினியில் யூஎஸ்பி வேலை செய்யவில்லை. மடிக்கணினியில் உபுண்டு 22.04. இரண்டும் ஒரே ரவுட்டரில், கம்பி வழியாக. பிங் வருகிறது. மதியம் மின்சாரம் போய்விடும், அதற்குள் முடிக்க வேண்டும்.

சர்வர்_பெரியவர்:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேர் இருட்டில் தடவியிருக்க வேண்டாம். பிங் வரும்போது கம்பியைப் பற்றிப் பேசுவது வீண். கோப்புப் பகிர்வு நெறிமுறையில் எக்ஸ்பிக்குத் தெரிந்தது பழைய எஸ்எம்பி1 ஒன்றுதான்; எஸ்எம்பி2 விஸ்டாவில்தான் வந்தது. உபுண்டுவில் விண்டோஸ் பகிர்வைத் திறக்கும் ஸாம்பா மென்பொருளோ 2019 செப்டம்பரில் வந்த 4.11 பதிப்பிலிருந்து, கேட்டாலொழிய எஸ்எம்பி1 பேசாது. இடிசி அடைவில் ஸாம்பா உறைக்குள் எஸ்எம்பி.கான்ஃப் கோப்பு இருக்கும், இல்லையென்றால் உருவாக்குங்கள். அதில் குளோபல் பகுதிக்குக் கீழே 'கிளையண்ட் மின் புரோட்டோகால் = என்டி1' என்ற வரியை ஆங்கில எழுத்தில் சேருங்கள். வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். கோப்பு மேலாளரின் முகவரிப் பட்டியில் எஸ்எம்பி என்று தொடங்கி எக்ஸ்பியின் ஐபி எண்ணைக் கொடுங்கள். இவ்வளவுதான். எக்ஸ்பியின் ஃபயர்வாலில் கோப்புப் பகிர்வுக்கு விலக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மோல்மீன்_கரை:
வேலை முடிந்ததும் அந்த வரியை நீக்கிவிடுங்கள். எடுக்கும் நேரத்தில் ரவுட்டரின் இணைய இணைப்பையும் கழற்றிவிடுவது நல்லது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை தீநிரல் பரவியது எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான். ஆதரவு நிறுத்திய எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது தனியாகத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. உங்கள் கணினியில் அது இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

கம்பிக்காரர்:
2014-லேயே ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் ஒரு பள்ளியின் பாடங்களை வைத்திருப்பதே ஆபத்து. இன்றே தூக்கிப் போடுங்கள்.

தட்டோன்_தம்பி:
தூக்கிப் போடு என்று சொல்வது எளிது அண்ணா. இங்கே பல பள்ளிகளின் பாடங்கள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். ஐயா, விண்டோஸ் உறையில் உள்ள ஃபான்ட்ஸ் அடைவையும் மறக்காமல் நகலெடுங்கள்.

சர்வர்_பெரியவர்:
நகலெடுத்து எத்தனை காலம் ஓட்டுவீர்கள்? எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றுங்கள். பர்மிய மொழிக்காரர்கள் 2019 அக்டோபர் 1 அன்று ஸோஜி என்ற பழைய எழுத்துரு முறையை விட்டு யூனிகோடுக்கு மாறுவதாக அரசே அறிவித்தது. நாம் ஏன் இன்னும் தயங்குகிறோம்?

தட்டோன்_தம்பி:
அறிவித்த மறுநாளே ஸோஜி மறைந்துவிடவில்லையே. எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்தால் ஒற்றும் கொம்பும் இடம் மாறுகின்றன. ஒவ்வொரு பக்கத்தையும் தமிழ் தெரிந்த ஒருவர் படித்துத் திருத்த வேண்டும். இங்கே அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு நேரம் இருக்கிறது? பிள்ளைகள் கையில் புத்தகம் சேரட்டும், மாற்றுவதை மழைக்காலத்தில் பார்க்கலாம்.

சர்வர்_பெரியவர்:
மழைக்காலத்தில் என்று சொல்லித்தான் இத்தனை ஆண்டுகள் போயின.

மோல்மீன்_கரை:
இந்த வாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் ஐயா, வேலை ஆயிற்றா?

பகோ_வாத்தியார்:
வரியைச் சேர்த்ததும் திறந்துவிட்டது. எழுத்துருக்களும் வந்துவிட்டன. பேஜ்மேக்கர் கோப்புகளை உபுண்டுவில் எதில் திறப்பது?

மோல்மீன்_கரை:
லிப்ரெஆஃபிஸின் வரைகலைச் செயலியான டிரா திறக்கும், ஆனால் பக்க அமைப்பு கலையலாம். அச்சகத்துக்கு என்றால் எக்ஸ்பியிலேயே பிடிஎஃப் ஆக்கி எடுங்கள்.

பகோ_வாத்தியார்:
சரி. மின்சாரம் வந்ததும் செய்கிறேன். எல்லோருக்கும் நன்றி.