சிபிலில் ‘செட்டில்ட்’ என்று நிற்கிறது, ‘க்ளோஸ்ட்’ ஆக மாற்ற முடியுமா?

ஈரோட்டுக்காரன்:
வணக்கம். கொரோனா சமயத்தில் வேலை போய் கிரெடிட் கார்டு பாக்கி 84,000 வரை ஏறிவிட்டது. 2021 கடைசியில் வங்கியிலிருந்தே கூப்பிட்டு 38,000 கட்டினால் முடித்துவிடலாம் என்றார்கள், நகையை அடகு வைத்துக் கட்டினேன், கடிதமும் கொடுத்தார்கள். இப்போது வேறு வங்கியில் வீட்டுக்கடனுக்குப் போனால் சம்பளம், பத்திரம் எல்லாம் சரி, ஆனால் சிபிலில், அதாவது கடன் வரலாற்று ரிப்போர்ட்டில், அந்தக் கார்டு ‘செட்டில்ட்’ (குறைத்துக் கட்டி முடித்தது) என்று இருப்பதால் ஃபைலை மேலே அனுப்ப முடியாது என்கிறார் மேனேஜர். கார்டு கொடுத்த வங்கியில் கேட்டால் நாளாக ஆகத் தானாகப் போய்விடும் என்கிறார்கள். சிபில் தளத்தில் டிஸ்ப்யூட் போட்டேன், ‘மாற்றம் இல்லை’ என்று பதில் வந்தது. 15,000 கொடுத்தால் அழித்துத் தருகிறேன் என்று ஒருவர் வாட்ஸப்பில் விடாமல் கேட்கிறார். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கலெக்‌ஷன்:
தம்பி, முதலில் அந்த வாட்ஸப் ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், ஓடிபி, பான் எண் எதுவும் சொல்லாதீர்கள். சிபிலில் இருப்பது வங்கி அனுப்பிய தகவல், வங்கி மாற்றி அனுப்பினால்தான் மாறும், வெளி ஆள் யாரும் உள்ளே போய் அழிக்க வழியே இல்லை. டிஸ்ப்யூட் எடுபடாததும் அதனால்தான்: தகவல் தவறாக இருந்தால்தான் டிஸ்ப்யூட் உதவும், உங்கள் கணக்கில் வங்கி குறைத்து வாங்கியது உண்மை.

ரிப்போர்ட்டில் அந்தக் கணக்குக்குக் கீழே ‘ரிட்டன் ஆஃப்’ (வங்கி தள்ளுபடி செய்த) தொகை என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். அநேகமாக 46,000 பக்கம் காட்டும். அந்தத் தள்ளுபடியைக் கட்டினால் ‘க்ளோஸ்ட்’ (முழுதாகக் கட்டி முடித்தது) என்று மாற்றித் தரப் பல வங்கிகள் ஒத்துக்கொள்ளும், ஆனால் கட்டாயம் கிடையாது. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே, இவ்வளவு கட்டினால் நிலுவை ஏதும் இல்லை என்ற சான்றிதழ் தருவோம், சிபில் போன்ற நான்கு கிரெடிட் நிறுவனங்களுக்கும் ‘க்ளோஸ்ட்’ என்று அனுப்புவோம் என்று வங்கியின் மெயில் முகவரியிலிருந்து எழுதி வாங்குங்கள். போனில் சொல்வதை நம்பி ஏஜெண்டுக்கு ஜிபே செய்யாதீர்கள், கார்டு கணக்கிலேயே கட்டுங்கள். சான்றிதழில் கார்டு எண், தேதி, முழுத் தொகையும் வந்துவிட்டது என்ற வரி, இந்த மூன்றும் வேண்டும். உங்களிடம் இருக்கும் பழைய கடிதம் செட்டில்மென்ட் கடிதம்தான், அதை வைத்து எதுவும் நடக்காது.

மதுரை_மல்லி:
அண்ணா சொல்வது சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சிபிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் மூன்றும் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். என் கணவர் கடனில் சிபில் மாறியும் இன்னொன்றில் பழையபடியே கிடந்தது, கடன் கொடுக்க வந்தவர்கள் அதைத்தான் எடுத்துப் பார்த்தார்கள். அப்புறம், உங்கள் பாக்கியை வங்கி ஏதாவது சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு (வாராக்கடனை வாங்கி வசூலிப்பவர்கள்) விற்றிருக்கிறதா என்று கேளுங்கள். விற்றிருந்தால் பணமும் சான்றிதழும் அந்த நிறுவனத்தோடுதான்.

ஈரோட்டுக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி அக்கா. விற்கவில்லையாம், கேட்டுவிட்டேன். நீங்கள் சொன்ன வரியில் 46,000தான் இருக்கிறது, ஆனால் வங்கியில் வட்டியோடு 71,000 கேட்கிறார்கள். அப்படிக் கேட்கலாமா? கட்டிய பிறகும் மாற்றாமல் இழுத்தடித்தால்?

பழைய_கலெக்‌ஷன்:
கேட்பார்கள், பேசிக் குறைக்கலாம். கிளையில் நின்று பேசாமல், ‘ரிப்போர்ட்டில் நீங்களே காட்டியிருப்பது 46,000, அதைக் கட்டத் தயார்’ என்று வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மெயில் எழுதுங்கள், அவர் பெயரும் முகவரியும் வங்கித் தளத்திலேயே இருக்கும். குறைத்துத் தந்தாலும் ‘க்ளோஸ்ட்’ என்ற வார்த்தை அந்த மெயிலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்னொரு செட்டில்மென்ட் ஆகிப்போகும், கட்டியும் பிரயோஜனம் இல்லை.

இழுத்தடித்தால் இப்போது விதி உங்கள் பக்கம். புகார் கொடுத்து 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்குப் பிறகு நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு, 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்த 30க்குள் வங்கிக்கு 21 நாள். அதனால் புகாரை எழுத்தில் கொடுத்து எண் வாங்கி வையுங்கள். 30 நாளாகியும் பதிலே இல்லை அல்லது முடியாது என்கிறார்கள் என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) ஆன்லைனில் போடலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

மதுரை_மல்லி:
தம்பி, அட்வான்ஸ் கொடுத்தாயிற்று என்பதால் சொல்கிறேன். ‘க்ளோஸ்ட்’ ஆனதும் ஸ்கோர் தாவாது, தவணை தவறிய மாதங்களின் கணக்கு அங்கேயேதான் இருக்கும். இந்த நேரத்தில் நாலைந்து வங்கியில் விண்ணப்பம் போட்டுப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு விசாரணையும் பதிவாகி இன்னும் குறைக்கும். சான்றிதழ் கைக்கு வந்ததும் அதையும் பணம் கட்டிய ரசீதையும் அதே மேனேஜரிடம் காட்டுங்கள். ரிப்போர்ட் மாறும்வரை காத்திருக்காமல் சான்றிதழை வைத்தே ஃபைலை அனுப்பும் மேனேஜர்களும் இருக்கிறார்கள். வீட்டை விற்பவரிடம் அக்ரிமென்ட் தேதியை இப்போதே தள்ளிக் கேட்டுவிடுங்கள்.