ஆர்டிஎம்ஏ அட்டை இல்லாமல் ஆர்டிஎம்ஏ நிரலைச் சோதிக்க முடியுமா?

பைட்_பயணி (கேள்வி):
ஆர்டிஎம்ஏ (ஒரு கணினியின் நினைவகத்தை மற்றொரு கணினி, அதன் செயலியை ஈடுபடுத்தாமல், பிணைய அட்டை வழியாக நேரடியாக அணுகும் முறை) வசதிக்கான வெர்ப்ஸ் நிரல் நூலகத்தை நேரடியாக அழைத்து, இரு சேவையகங்களின் நினைவகங்களுக்கிடையே தரவை நகர்த்தும் சேமிப்பக மென்பொருள் ஒன்றை எழுதிவருகிறேன். ஆர்டிஎம்ஏ அட்டை பொருத்திய கணினிகள் அலுவலகத்தில் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் வேறு குழுவின் பயன்பாட்டில் இருக்கின்றன. என் மடிக்கணினியில் இரண்டு மெய்நிகர் இயந்திரங்களை இணைத்து, மென்பொருளால் உருவாக்கிய அட்டைகளைக் கொண்டு சோதிக்க எண்ணுகிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது? அதில் கிடைக்கும் முடிவை எந்த அளவுக்கு நம்பலாம்?

கெர்னல்_வாசி:
லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இத்தகைய மென்பொருள் அட்டைக்கான இரண்டு இயக்கிகள் உள்ளன. 2016இல் 4.8ஆம் பதிப்பில் சேர்ந்த ஆர்எக்ஸ்இ, சாதாரண ஈதர்நெட் இடைமுகத்தின் மேல் ஆர்ஓசிஇ (ஈதர்நெட்டின் மேல் ஆர்டிஎம்ஏ செய்யும் நெறிமுறை) இரண்டாம் பதிப்பைச் செயல்படுத்துகிறது. அதன் பொட்டலங்கள் யுடிபி 4791ஆம் துறைக்குச் செல்கின்றன. 2019இல் 5.3ஆம் பதிப்பில் சேர்ந்த எஸ்ஐடபிள்யூ, டிசிபியின் மேல் ஐவார்ப் என்ற மற்றொரு ஆர்டிஎம்ஏ நெறிமுறையைச் செயல்படுத்துகிறது. அட்டாமிக் செயல்பாடுகளோ (இடையே வேறெதுவும் குறுக்கிடாமல் தொலை நினைவக மதிப்பை வாசித்து மாற்றுபவை), முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமல் அனுப்பும் யுடி வரிசைகளோ உங்கள் நிரலில் இருந்தால் ஆர்எக்ஸ்இ மட்டுமே பொருந்தும். அனுப்பும்-பெறும் வரிசை இணையின் எண்களை உங்கள் சொந்த சாக்கெட் வழியாகப் பரிமாறி, வரிசையின் நிலைகளை நீங்களே மாற்றுகிறீர்கள் என்றாலும் அதுவே வழி. ஏனெனில் ஐவார்ப்பில் இணைப்பு மேலாளர் மூலமாகத்தான் இணைப்பை ஏற்படுத்த வேண்டும். அட்டை அணுகுவதற்காக நினைவகத்தைப் பதிவு செய்வது தோல்வியடைந்தால், பூட்டத்தக்க நினைவக வரம்பை (வட்டுக்கு மாற்றப்படாமல் நிலையாக வைத்திருக்க அனுமதிக்கப்பட்ட அளவு) முதலில் பாருங்கள்.

தாமதமானி:
சரியாக இயங்குகிறதா என்பதற்கு நம்பலாம். எவ்வளவு வேகமாக இயங்குகிறது என்பதற்கு அறவே நம்பக்கூடாது. உண்மையான அட்டை செய்யும் நகலெடுப்பையும் சரிபார்ப்புத்தொகைக் கணக்கையும் இங்கே உங்கள் செயலியே செய்வதால், நீங்கள் அளக்கும் தாமதம் கெர்னலின் தாமதமே. அந்த எண்களை அறிக்கையில் சேர்ப்பதைவிடச் சேர்க்காமல் விடுவது நல்லது.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்தப் போலி அட்டை உண்மையான அட்டையை விஞ்சுகிறது என்பேன். பொட்டலங்கள் கெர்னலின் வழக்கமான பாதையில் செல்வதால் டிசிபிடம்ப் கொண்டு அவற்றைப் பார்க்கலாம். நெட்எம் கொண்டு வேண்டுமென்றே சிலவற்றைத் தொலைத்து, மறுமுயற்சி தீர்ந்துபோகும்போது உங்கள் பிழைகையாளும் பகுதி என்ன செய்கிறது என்று சோதிக்கலாம். பெறும் பக்கம் தயாராக இல்லாதபோது பயன்படும் ஆர்என்ஆர் மறுமுயற்சி எண்ணிக்கையை மட்டும் 7 என வைக்காதீர்கள். அது ‘எல்லையின்றி முயல்க’ என்று பொருள்படும், தானியங்கிச் சோதனை முடிவே இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

பைட்_பயணி:
நன்றி. அட்டாமிக் செயல்பாடு இருப்பதால் ஆர்எக்ஸ்இ என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு கேள்வி மட்டும் எஞ்சுகிறது: மறு கணினியின் நினைவகத்தில் எழுதும் செயல் (தொலை எழுத்து) முடிந்ததை அறிய, பெறும் பக்கத்தில் தரவு வந்து சேரும் நினைவகப் பகுதியான இடையகத்தின் கடைசி பைட்டைத் தொடர்ந்து வாசித்துப் பார்க்கிறேன். மெய்நிகர் இயந்திரங்களில் இது ஒருமுறைகூடத் தவறவில்லை.

தாமதமானி:
தவறாதது வியப்பில்லை. ஆர்எக்ஸ்இ தரவைச் செயலியால் பொட்டலம் பொட்டலமாக, வரிசையாக நகலெடுக்கிறது. ஆனால் ஒரே செய்திக்குள் பைட்டுகள் எந்த வரிசையில் நினைவகத்தை அடையும் என்பதற்கு, ஆர்ஓசிஇக்கு அடிப்படையான இன்ஃபினிபேண்ட் விதிமுறையில் உத்தரவாதம் இல்லை. பல அட்டைகளில் அது நடைமுறையில் வரிசையாகவே அமைந்தாலும், அதை நம்பிய நிரல் ஏதேனும் ஓர் அட்டையிலோ, அட்டையைக் கணினியுடன் இணைக்கும் பிசிஐ அமைப்பிலோ அரைகுறைத் தரவை வாசித்துவிடும். தரவோடு ஒரு சிறு எண்ணையும் அனுப்பிப் பெறும் பக்கத்துக்கு அறிவிக்கும் ‘உடனடி மதிப்புடன் கூடிய எழுத்து’ முறைக்கு மாறி, பெறும் பக்கத்தின் நிறைவு வரிசையில் (முடிந்த செயல்களின் பட்டியல்) பதிவு வந்த பிறகே இடையகத்தைத் தொடுங்கள். அதையும் ஆர்எக்ஸ்இயிலேயே சோதித்துவிடலாம்.